ஒரே ஐ5, இரண்டு விலை: இரண்டு லப்டொப்களைத் திறந்து பார்த்த கதை

மேசையில் இரண்டு லப்டொப்கள். இரண்டிலும் இன்டெல் ஐ5-8250யூ புரொசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று லெனோவோ திங்க்பேட் டி480. மற்றது வேறொரு பெயர்பெற்ற கம்பெனியின் வீட்டுப் பாவனை மாடல். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை; இந்த வியாதி பல கம்பெனிகளின் மலிவு வரிசையில் உண்டு, ஒன்றை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை.

பாவித்த சாமானாக விற்கப்போனால், முதலாவதற்குச் சொல்லும் விலையில் பாதியைக்கூட இரண்டாவதற்கு யாரும் சொல்லமாட்டார்கள். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் நேர்மாறாகத்தான் இருக்கவேண்டும். வீட்டு மாடல் வெள்ளி நிறத்தில் மெல்லியதாக மினுங்குகிறது. திங்க்பேட் கறுப்பு, தடிப்பு, மூலைகள் தேய்ந்து போயிருக்கின்றன.

டி480ஐ வாங்கியவர் திருகோணமலைக் கச்சேரிப் பக்கம் தட்டச்சு, போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர். வெளிநாட்டுக் கம்பெனியொன்றில் வேலை செய்து முடித்து, லொட்டோடு கொழும்புக்கு வந்த மெஷின் அது. "ஒருக்காத் திறந்து துப்புரவாக்கித் தாங்கோ தம்பி, பிறகுதான் கடையில வைக்கப்போறன்" என்று கொண்டுவந்து தந்தார். வெள்ளி லப்டொப், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் தங்கச்சி ஒருத்தியுடையது. திரையைத் தாங்கும் பிணைச்சல் உடைந்து வந்தது. மாமாவுடைய மெஷினின் விலையைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டும் ஐ-ஃபைவ் தானே அண்ணா? பேருக்கா அவ்வளவு காசு?"

பேருக்கும் கொஞ்சம் உண்டு. மிச்சம் எங்கே போகிறது என்பதை வாயால் விளங்கப்படுத்துவதைவிடத் திறந்து காட்டுவது சுகம். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன்.

உடைந்தது முதலில்

வெள்ளி லப்டொப்பின் அடிமூடியில் கண்ணுக்குத் தெரியும் திருகாணிகள் எல்லாவற்றையும் கழற்றினாலும் மூடி அசையாது. பின்பக்க ரப்பர் காலை நகத்தால் கிளப்பினால் அதற்கடியில் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். நீளமும் ஒரே மாதிரி இல்லை. நீளமானதைக் கட்டையானதின் இடத்தில் போட்டு முறுக்கினால், மேலே கை வைக்கும் பலகையில் குமிழ் கிளம்பிவிடும். அதனால் ஒரு கடதாசியில் அடிமூடியின் படத்தைக் கீறி, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பது என் வழக்கம். அப்புறம் சுற்றிவரப் பிளாஸ்டிக் கொக்கிகள். பழைய ரீலோட் கார்டை இடுக்கில் நுழைத்து மெல்ல நகர்த்தவேண்டும். 'டக்' என்று கழன்றால் நல்லது, 'படக்' என்று கேட்டால் அந்தக் கொக்கி இனி இல்லை.

உள்ளே இடப்பக்கப் பிணைச்சல் எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றது. பிணைச்சல் நல்ல உருக்கு. அதில் ஒரு கீறல்கூட இல்லை. உடைந்தது அது பிடித்திருந்த இடம். கை வைக்கும் பலகையின் உட்புறத்தில் சிறு சிறு பிளாஸ்டிக் தூண்கள் வார்க்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தூணுக்குள்ளும் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய பித்தளை மரை ஒன்றைச் சூடாக்கி அழுத்தி இறக்கியிருப்பார்கள். திருகாணி அந்த மரைக்குள்தான் போகிறது. இங்கே தூண்கள் அடியோடு பிளந்து, மரைகள் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கட்டிப்பிடித்தபடியே வெளியே வந்திருந்தன. ஒன்று கழன்று விசிறிப் பக்கம் போய்க் கிடந்தது. கரண்டோடு இருக்கும்போது அது மதர்போட்டில் உருண்டிருந்தால் லப்டொப்பின் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிணைச்சல் உடைந்தபிறகும் "இன்னும் கொஞ்ச நாள் பாவிப்பம்" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்: மரை கழன்ற லப்டொப்பை ஓன் பண்ணாதீர்கள்.

ஏன் உடைந்தது? திரையை மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் பாரம் முழுவதும் பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் உள்ள அந்த மெல்லிய பிடியில் விழுகிறது. பிணைச்சல் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாரம். எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. இந்தப் பிணைச்சலின் அச்சில் கிறீஸ் காய்ந்து மண்ணிறத் துரு பூத்திருந்தது. உவர்மலை ஆனாலும் உப்புவெளி ஆனாலும் கடற்காற்றில் இருந்து எந்த லப்டொப்பும் தப்ப முடியாது. துருப்பிடித்த அச்சு இறுகும், இறுகிய அச்சு பிளாஸ்டிக்கை இழுக்கும்.

இதற்குச் சரியான மருத்துவம் அந்தப் பலகையையே மாற்றுவது. மாடல் இலக்கத்தின் கடைசி எழுத்து வரை பொருந்தும் சாமான் கொழும்பில் அகப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம், ஆனால் அனுப்புசெலவையும் சேர்த்தால் லப்டொப்பின் இன்றைய பெறுமதியில் ஒரு பெரிய துண்டை அதுவே தின்றுவிடும். இந்த ஓரிடத்திலேயே தங்கச்சியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

சரி, ஒட்டுவதுதான் வழி. மதர்போட்டைக் கழற்றி அப்பால் வைத்தேன். உடைந்த தூண்களின் மிச்சத்தை அரத்தால் சமப்படுத்தி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை மணல்கடதாசியால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்தேன். மினுமினுப்பான பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. பித்தளை மரைகளைத் திருகாணியோடு பிணைச்சலிலேயே பூட்டி, அப்படியே உரிய இடத்தில் அமர்த்தினேன். இப்படிச் செய்தால் மரைகள் தாமாகவே சரியான இடத்தில் நிற்கும். திருகாணிப் புரிகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, பசை திருகாணியைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக. பிறகு இரண்டு குழாய்களில் வரும் இப்பொக்சிப் பசையைச் சம அளவில் குழைத்து மரைகளைச் சுற்றி நிரப்பினேன். சும்மா பசை மட்டும் போட்டால் அது ஒரு நாள் அப்படியே கட்டியாகப் பெயர்ந்து வரும். அதனால் நுளம்பு வலைக்குப் பாவிக்கும் அலுமினிய வலையில் ஒரு சிறு துண்டை வெட்டிப் பசைக்குள் புதைத்தேன். உலோகம் என்பதால் அதன் விளிம்பு ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மேலே இன்னொரு பூச்சுப் பூசி மூடினேன்.

தொட்டவுடனே இறுகும் சுப்பர் குளூவை இந்த வேலைக்குப் பாவிக்கவேண்டாம். அது இறுகியபின் கண்ணாடிபோல வெடிக்கும் தன்மை உள்ளது, இழுவைக்கு நிற்காது. மெதுவாக இறுகும் இப்பொக்சிதான் வேண்டும். ஒரு முழு நாள் தொடாமல் விடவேண்டும்.

பசை இறுகும் வரை பிணைச்சலைக் கவனித்தேன். அச்சின் முனையில் ஒரு நட்டும் சில வாஷர்களும் இருக்கும். இறுக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான். துருவைத் துடைத்து, துளி எண்ணெய் விட்டு, நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். திரை விழாமல் நிற்கவேண்டும், அதே நேரம் ஒரு விரலால் திறக்கவும் வேண்டும். இந்தக் கால் சுற்று இல்லாவிட்டால் மேலே செய்த வேலை எல்லாம் வீண்.

மாமாவின் டி480

இதைத் திறப்பதற்கு முன் பயோஸில் (விண்டோஸ் தொடங்க முதல் வரும் அமைப்புத் திரை) போய் உள் பற்றரியை நிறுத்தலாம். அதற்கென்றே ஒரு தெரிவு வைத்திருக்கிறார்கள். வெளிப் பற்றரி இரண்டு தாழ்ப்பாள்களைத் தள்ளினால் கையோடு வரும். அடிமூடித் திருகாணிகள் தளர்ந்ததும் மூடியிலேயே தொங்கி நிற்கின்றன. கீழே விழாது, தொலையாது, நீளம் மாறாது. படம் கீறிய கடதாசிக்கு வேலையே இல்லை. தங்கச்சி இதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திருகாணி தொலையாமல் இருக்க யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அந்த யோசனைக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளே கச்சான் காற்றின் புழுதி. வெப்பம் வெளியேறும் செதில்களுக்கும் விசிறிக்கும் நடுவே புழுதி மெத்தையாகப் படிந்து பாய்போலச் சுருட்டி எடுக்கும் அளவுக்கு இருந்தது. இதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இல்லை, வெள்ளி லப்டொப்பிலும் அதே மெத்தை. வித்தியாசம், அந்த இடத்துக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. புரொசஸரின் சூட்டை வெளியே கடத்தப் பூசும் பழைய தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகப் போயிருந்தது. துடைத்து, புதிதாக ஒரு துளி வைத்து, திருகாணிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

லெனோவோ இந்த மாடலுக்கான பராமரிப்புக் கையேட்டை யாரும் எடுக்கக்கூடியதாக இணையத்தில் வைத்திருக்கிறது. எந்தச் சாமானைக் கழற்ற முதலில் எதைக் கழற்றவேண்டும், எந்தத் திருகாணி, எவ்வளவு நீளம் எல்லாம் படத்தோடு இருக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மாற்றுச்சாமான் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தைக் கொழும்புக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், "படம் அனுப்புங்கோ, அளவு சொல்லுங்கோ" என்ற கதையே வராது. டெல் தன் லற்றிட்டியூட் வரிசைக்கும், எச்பி தன் எலைட்புக் வரிசைக்கும் இப்படியே கையேடு தருகின்றன.

மாமா தட்டச்சுக்காரர், அவருக்குக் கீபோர்ட்தான் உயிர். 'அ' வரும் விசை தேய்ந்து வழுக்குகிறது என்றார். டி480இல் கீபோர்ட் மேற்பக்கமாகவே கழன்று வரும், மதர்போட்டைத் தொடவேண்டியதில்லை. வெள்ளி லப்டொப்பின் கீபோர்ட்டைத் திருப்பிக் காட்டினேன். அதில் திருகாணியே இல்லை. பிளாஸ்டிக் முளைகளைச் சூட்டில் உருக்கி அமுக்கி, பலகையோடு நிரந்தரமாகத் தைத்திருக்கிறார்கள். ஒரு விசை போனாலும் முளைகளை எல்லாம் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் பலகையோடு மாற்றவேண்டும். தொழிற்சாலைக்கு அது மலிவு, எனக்கும் உங்களுக்கும் இல்லை.

ரேம் விஷயத்தில் டி480க்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் 8 ஜிபி இருந்தது, மற்றது காலி. வெள்ளி லப்டொப்பில் 4 ஜிபி மதர்போட்டிலேயே ஒட்டப்பட்டு, இன்னொரு 4 ஜிபி கழற்றக்கூடியதாக இருந்தது. ஒட்டப்பட்ட சிப் பழுதானால் போர்டோடு போகும். ஒன்றைச் சொல்லவேண்டும்: வந்தபடியே ஓடவிட்டால் இந்த ஒரு விடயத்தில் வெள்ளி லப்டொப்தான் முன்னே. இன்டெலின் யூஎச்டி 620 கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்வதால், இரண்டு பக்கமும் ரேம் இருக்கும்போது அதற்கு வேகம் கூடும். மாமாவின் மெஷினுக்கும் இன்னொரு 8 ஜிபி போட்டுவிட்டேன்.

பற்றரி. டி480க்கு உள்ளே 24 வாட்-அவர் பற்றரி ஒன்று, வெளியே இன்னொன்று. வெளியே 24, 48, 72 என்று மூன்று அளவுகளில் வந்தது. உள்ளே இருப்பது தாங்கிக்கொள்வதால் லப்டொப்பை நிறுத்தாமலேயே வெளிப் பற்றரியை மாற்றலாம். திங்க்பேட் டி வரிசையில் இந்த வசதியோடு வந்த கடைசித் தலைமுறை இதுதான். 2019இல் வந்த டி490இல் வெளிப் பற்றரி இல்லை, ஒரு ரேம் ஒட்டப்பட்டது, ஒன்றே ஒன்றுதான் கழற்றலாம். பாவித்த சந்தையில் டி480 விலை இறங்காமல் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் வந்ததைவிட முன்னால் வந்ததைத் தேடுகிறார்கள்.

குறையும் இருக்கிறது. சார்ஜ் ஏறும் டைப்-சி துளை மதர்போட்டிலேயே ஒட்டப்பட்டது. வயரைக் கோணலாக இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஆடத்தொடங்கும். அந்தக் காலத் திங்க்பேட்கள் பலவற்றில் டைப்-சி துளையை ஆளும் தண்டர்போல்ட் கட்டுப்பாட்டுச் சிப்பிற்கு லெனோவோ ஒரு முக்கியமான ஃபேர்ம்வெயார் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. பாவித்த டி480 கைக்கு வந்தால் முதல் வேலை அதைப் போட்டுக்கொள்வதுதான். மாமாவுடையதற்கும் போட்டேன்.

அப்போ காசு எதற்கு?

மேலே கழற்றிப் போட்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், விலை முழுவதும் மூடியில் உள்ள பெயருக்கு இல்லை என்பது விளங்கும். புரொசஸர் இரண்டிலும் ஒன்றேதான். ரேம் சிப்பைச் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற ஒரு கைப்பிடி கம்பெனிகள்தான் செய்கின்றன. திரை எல்ஜி, ஏயூஓ, பிஓஇ, இனோலக்ஸ் என்று அதுவும் ஒரு சிலரிடமிருந்தே வருகிறது. லப்டொப்பைக் கட்டுபவர்கள்கூடப் பெரும்பாலும் மூடியில் பெயர் போட்டவர்கள் இல்லை. தாய்வானின் குவாண்டா, கொம்பால், விஸ்ட்ரோன் போன்றவை பல பெயர்களுக்குக் கட்டிக்கொடுக்கின்றன.

ஆகவே "எந்தக் கம்பெனி நல்லது?" என்ற கேள்வியே எனக்குப் பிடிக்காது. எந்த வரிசை என்று கேட்கவேண்டும். லெனோவோவுக்குத் திங்க்பேடும் உண்டு, ஐடியாபேடும் உண்டு. டெல்லுக்கு லற்றிட்டியூடும் உண்டு, இன்ஸ்பிரோனும் உண்டு. எச்பிக்கு எலைட்புக்கும் உண்டு, பவிலியனும் உண்டு. முதலாவது வகையை வாங்குவது உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள் இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்கும், குத்தகைக்கு எடுக்கும் வங்கிகள், கம்பெனிகள், அரச அலுவலகங்கள். அவர்களுக்கு மினுமினுப்புத் தேவையில்லை. பழுதானால் ஆள் வந்து அங்கேயே திருத்திவிட்டுப் போகவேண்டும், பல வருட உத்தரவாதம் வேண்டும். உத்தரவாதம் கொடுத்த கம்பெனிக்குத் திருத்தும் நேரம் தன் சொந்தக் காசு. அதனால்தான் திருகாணி விழாமல் தொங்குகிறது. நமக்காக யாரும் அதைச் செய்யவில்லை, அவர்களுடைய கணக்கின் எச்சில் லாபம் நமக்கு.

ஒரு சில வருடத்தில் குத்தகை முடிந்து அவை மொத்தமாக வெளியே வருகின்றன. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் வந்தால், அதில் நூற்றுக்கணக்கில் உடைத்துச் சாமானாக விற்கப்படும். திரை, கீபோர்ட், விசிறி, மூடி எல்லாம் கழற்றிய சாமானாகக் கிடைக்கும். பஜாஜ் ஓட்டோ மாதிரித்தான். எந்தச் சந்தியில் நின்றாலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழக்கம், அதனால் பழசானாலும் விலை இறங்காது. வீட்டு மாடல் அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் உடம்பை மாற்றுவார்கள், ஒரே பெயரில் பத்து வகை வரும், ஒன்றின் மூடி மற்றதற்குப் பொருந்தாது. புதிதாக வாங்கும்போது அதன் விலைக்கு அது நியாயமான சாமானாகவே இருக்கலாம். பாவித்த சந்தையில் அதன் விலை என்பது "இது பழுதானால் என்ன செய்வது?" என்ற பயத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் விலை.

பேருக்கு உள்ள காசையும் மறைக்கத் தேவையில்லை. திங்க்பேட் 1992இல் ஐபிஎம் தொடங்கிய பெயர். 2005இல் அந்தத் தொழில் லெனோவோவின் கைக்குப் போனது. அந்தப் பழைய மரியாதைக்கு இன்றைக்கும் ஆட்கள் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார்கள். அதே தலைமுறையின் லற்றிட்டியூட் 5490, எலைட்புக் 840 ஜி5 இரண்டிலும் இரண்டு ரேம் இடங்களும் உண்டு, கையேடும் உண்டு. கடைக்காரர் டி480க்கு அதிகம் சொன்னால் நான் யோசிக்காமல் இவற்றின் பக்கம் போவேன். விளம்பரத்தில் வரும் "இராணுவத் தரச் சோதனை" என்ற வரிக்கும் ஒரு சதம் கூடுதலாகக் கொடுக்கமாட்டேன். எந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதைப் பெரும்பாலும் கம்பெனியே தெரிவுசெய்கிறது.

இன்னொரு விலைப் படி இருக்கிறது, அதற்குக் கம்பெனியோடு சம்பந்தமே இல்லை. டி470ஐயும் டி480ஐயும் பக்கத்தில் வைத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் பெரிய பள்ளம். விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. டி470 பெரும்பாலும் 7ஆம் தலைமுறை அல்லது அதற்கும் முந்தியது, ஆகவே கோட்டுக்கு அந்தப் பக்கம். சும்மா கோடு மட்டும் இல்லை, ஐ5-7200யூவில் இரண்டு கோர், ஐ5-8250யூவில் நான்கு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் பழகிய ஆளாக இருந்தால் அந்தப் பள்ளம் உங்களுக்கு லாபம், டி470ஐ அள்ளிக்கொள்ளலாம். மாமாவுக்கு அதைச் சொல்லமாட்டேன். அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் பழைய எழுத்துருக்களும் விண்டோஸோடு ஒட்டியவை.

மக்புக் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அங்கே கணக்கு வேறு, நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ரேம் ஒட்டப்பட்டது, சேமிப்பகம் ஒட்டப்பட்டது, பற்றரி பசை போட்டு ஒட்டப்பட்டது, திருகாணிக்கே ஐந்து இதழ் உள்ள தனி முனை வேண்டும். இருந்தும் விலை நிற்கிறது. மெஷினையும் இயங்குதளத்தையும் ஒரே கம்பெனி செய்கிறது, பல வருடம் புதுப்பிப்பைத் தொடர்ந்து தருகிறது. அப்பிளின் சொந்த எம்1 சிப்போடு 2020 நவம்பரில் வந்த மக்புக் ஏரில் விசிறியே கிடையாது. கச்சான் புழுதியை உள்ளே இழுக்க வழியில்லை என்பது எங்கள் ஊருக்கு ஒரு பெரிய வசதி. ஆனால் இன்டெல் மக்குகளுக்குக் கூடக் கொடுக்காதீர்கள். 2025இல் வந்த மெக்ஓஎஸ் டஹோதான் இன்டெலுக்கான கடைசிப் பதிப்பு என்று அப்பிள் சொல்லிவிட்டது. இலங்கையில் அப்பிளின் சொந்தக் கடையும் இல்லை. மதர்போட் செத்தால் உள்ளே உள்ள படமும் பாடக்குறிப்பும் சேர்ந்தே போகும்.

காசைக் கொடுக்க முதல்

குத்தகை முடிந்து வரும் மெஷின்களில் ஒரு பொறி உண்டு. விலை வழமையைவிட இறங்கியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பயோஸுக்குள் போய்ப் பார்க்கவேண்டும். கடவுச்சொல் கேட்டால் மெஷினை அப்படியே திருப்பிக் கொடுங்கள். திங்க்பேடில் மேற்பார்வையாளர் கடவுச்சொல், பயோஸ் அமைப்புகளைக் காக்கும் சின்னப் பற்றரியைக் கழற்றினால் அழிந்துபோகும் வகை இல்லை. இரண்டாவது, விண்டோஸைப் புதிதாக ஏற்றி இணையத்தோடு தொடுக்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் மின்னஞ்சலைக் கேட்டு நிற்கும் மெஷின்கள் உண்டு. அவை இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. கடையில் ஏற்றி வைத்த விண்டோஸில் இது தெரியாது. உங்கள் கண்முன்னே புதிதாக ஏற்றி, உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் தொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மக்கில் பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்குப் பூட்டு நீங்கியிருக்கவேண்டும்.

பற்றரிக்கு விண்டோஸே ஓர் அறிக்கை தரும். புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போது முழுச் சார்ஜில் பிடிக்கும் அளவையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். மாமாவின் உள் பற்றரி நல்ல நிலையில் இருந்தது, வெளிப் பற்றரி பாதிக்கும் கீழே. வெளிப் பற்றரிதானே, தாழ்ப்பாளைத் தள்ளி மாற்றுவதற்கு என்னிடம் வரவும் தேவையில்லை.

டெல் என்றால் அடியில் உள்ள சேவை இலக்கத்தைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் அந்த மெஷின் முதலில் என்ன சாமானோடு தொழிற்சாலையை விட்டுப் போனது என்பது வரும். கடைக்காரர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரை மாற்றப்பட்டிருந்தால் அப்போதே பிடிபடும். நல்ல தெளிவான திரையைக் கழற்றி, மங்கலான மலிவுத் திரையைப் பூட்டி விற்பது நடக்கிற விஷயம். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது நிறம் மாறினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பசை இறுகியதும் வெள்ளி லப்டொப்பைப் பூட்டினேன். திரை ஒரு விரலுக்குத் திறக்கிறது, மூலை பிளக்கவில்லை. தங்கச்சி அதை விற்றுவிட்டுக் கொஞ்சம் காசு போட்டு ஒரு டி480 எடுக்கலாமா என்று கேட்டாள். விற்றால் வருகிற காசைச் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. படிப்பு முடியும் வரைக்கும் அதையே பாவிக்கட்டும், திரையின் மூலையைப் பிடிக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். மாமா மெஷினைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். கீபோர்ட்டின் மாற்றுச்சாமான் இலக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த முறை கொழும்புக்கு ஆள் போகும்போது எடுப்பிப்பதாகச் சொன்னார்.